பாதியாகச் சுருங்கிய கோப்பு

நாத்தனார் வாசித்த நாவலின் ஒலிப்பதிவைத் திருத்தி முடித்திருந்தாள். கணினியில் இடமில்லை, மூலப் பதிவை அழித்தாக வேண்டும். மறுநாள் நாத்தனாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. பழைய குரல் திரும்புமா என்று மருத்துவரே உறுதி சொல்லவில்லை.

வாசிப்பு காதைப் பிளந்ததால் ஒலியளவைக் குறைத்துச் சேமித்திருந்தாள். மூலத்தைப் போலவே, எதையும் இழக்காமல் சுருக்கும் முறைதான். ஆனாலும் புதிய கோப்பு பாதியாக இருந்தது.

"என்னம்மா, என் குரல்ல பாதிய முழுங்கிட்டியா?"

"இல்ல அண்ணி. சத்தம் குறைஞ்சா எண்களும் சின்னதாயிடும், இடம் கம்மியா பிடிக்கும். ஒரு சொல்லும் போகல."

"அப்ப திரும்பக் கூட்டினா பழசே வந்துருமா?"

வரும் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஒலியைப் பழைய அளவுக்குக் கூட்டி, மூலத்திலிருந்து கழித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றென்றால் மிஞ்சுவது அமைதிதான். ஹெட்ஃபோனில் மெல்லிய இரைச்சல் கேட்டது. சுருக்கியதில் எதுவும் போயிருக்காது. அப்படியானால் குறைத்தபோது, தன் கையாலேயே போனதா?

நாத்தனார் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"இந்த இரைச்சல் நானா?"

"தெரியல அண்ணி."

"தெரியாம எதுக்கு அழிக்கிற? கேக்கறவங்க சத்தத்தைக் குறைச்சுக்கட்டும்."

சிறிய கோப்பை அழித்தாள். சத்தத்தைக் குறைக்காமல் மறுபடி சேமிக்க இடம் இன்னும் போதவில்லை.

"உங்க கல்யாண வீடியோ இருக்கே, அதத் தூக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை.