மாமனாரின் பெயர்

ஜூமாபாய் கிழவர் குதிரைக் கறியை மென்றுகொண்டேதான் சொன்னார், என் நாத்தனார் கனிஷாய்க்கு ஊர் இடுகாட்டில் இடம் கிடையாது என்று. கறி எங்கள் வீட்டுக் கறி. அவள் செத்ததற்காகத்தான் என் கணவர் பெட்டைக் குதிரையை அறுத்திருந்தார். மற்ற பெரியவர்களும் வெள்ளைத் தொப்பியை ஆட்டி ஆமாம் போட்டார்கள். ஒருவர் கையாவது தட்டை விட்டு நகர வேண்டுமே! சாவுக்காக முற்றத்தில் எழுப்பிய கம்பளிக் கூடாரத்துக்குள், பிணத்தின் பக்கத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கே காது உண்டு என்பார்கள், கம்பளிக்குக் கேட்கவா வேண்டும்.

"மதம் மாறுனவ அவ. எங்க பாட்டன் முப்பாட்டன் படுத்திருக்கற எடத்துல ஒரு பாப்டிஸ்ட்காரியக் கொண்டாந்து படுக்க வெச்சா, செத்தவங்க எங்களச் சும்மா விடுவாங்களா?" என்றார் ஜூமாபாய்.

"எங்கம்மா பக்கத்துல, ஒரு ஓரமா, பெரியப்பா..." என்று என் கணவர் இழுத்தார்.

"ஓரமாவது நடுவாவது. நீ கொழம்ப ஊத்து."

ஊற்றினார். அவருக்கு அதுதான் தெரியும்.

நான் ஒன்றும் கனிஷாயைத் தலையில் வைத்துக் கொண்டாடியவள் இல்லை. நகரத்துக்குப் போய் ஞானஸ்நானம் என்று ஏதோ ஒரு குளத்தில் முங்கி எழுந்து வந்தாள். புருஷன் ஒரே பெட்டியோடு விரட்டினான். எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். கல்யாண வீடுகளில் மரியாதைக்குத் தக்கபடி எங்களுக்கு வைக்கும் கறியெலும்பே சிறுத்துப் போனது. அவளுடைய ஏசு அவளுக்கு என்ன கொடுத்தார்? ஒரு புருஷனா, ஒரு பசு மாடா? ஊரார் மூத்திரச் சட்டியைக் கொடுத்தார். எந்த வீட்டில் கிழடு படுக்கையில் விழுந்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பாள். முதல் நாள் தானே எல்லாம் செய்வாள். அடுத்த நாள் அந்த வீட்டு மருமகளின் கையைப் பிடித்துச் செய்ய வைப்பாள். உடம்பை எப்படிப் புரட்டுவது, இடுக்குகளில் ஈரம் தங்காமல் எப்படித் துடைப்பது, முக்கியமாக அருவருப்பை முகத்தில் காட்டாமல் இருப்பது எப்படி. அதற்கு மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மருமகள் அழுவாள், குமட்டுவாள். இவள் "நல்லாத்தான் செய்யற, செய்யி" என்பாள். அப்போது உதடு மட்டும் அசையும். அதுதான் ஜெபமாம். வாயைத் திறந்து ஒரு நாள் பிரசங்கம் செய்திருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாள். பைத்தியக்காரி என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான்.

மதியம் நகரத்திலிருந்து அவர்கள் சபையின் பாஸ்டர் எல்தியார் வந்தார். பளபளக்கும் காலணியோடு எங்கள் சாண முற்றத்தில் அவர் நடந்து வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும், பூனை பனியில் நடப்பதுபோல. துக்கம் விசாரித்த கையோடு கேட்டார்:

"அக்கா, சகோதரி இந்த ஊர்ல எத்தன ஆத்துமாவ ஆதாயம் பண்ணினாங்க?"

"ஒண்ணுகூட இல்ல."

"இருபது வருஷத்துலயா?"

"இருபது வருஷமாப் பீத்துணி தொவச்சா. வேணும்னா அத எழுதிக்கங்க."

அவர் முகம் தொங்கிவிட்டது. வெள்ளாமை பொய்த்த நிலத்துக்குக் குத்தகை கட்டியவர் மாதிரி நின்றார். பிறகு என் கணவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். நகரத்துக்கு வெளியே சபைக்கென்று இடம் இருக்கிறதாம். பொழுது சாய்வதற்குள் மலைக் கணவாயைத் தாண்டிக் கொண்டுபோய்விடலாமாம். ஆதரவாளர்களுக்கு அனுப்பக் கொஞ்சம் படமும் பிடித்துக்கொள்வாராம். தலைவலி தீர்ந்தது என்று என் கணவர் தலையாட்டினார்.

கனிஷாய் தன் ஆயுளில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போன வாரம், மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணி, எங்கம்மா பக்கத்துல போடச் சொல்லுங்க" என்றாள். சரி என்று சொல்லித் தொலைத்திருந்தேன். இப்போது வெளியே பிணத்தை வண்டியில் ஏற்றப் பலகை தேடிக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் பெகிமாய் உட்கார்ந்திருந்தாள். ஜூமாபாயின் மருமகள். வாயில்லாப் பூச்சி என்று ஊரே சொல்லும். அவள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனாள். நான் வாசல் கம்பளியை விலக்கிப் பார்த்தேன். மருமகள்கள் செய்ய வேண்டிய முறைப்படி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மாமனாரை வணங்கினாள். அவரும் வாய் நிறையக் கறியோடு, "நல்லாரும்மா" என்று ஆசி சொன்னார்.

"ஜூமாபாய்," என்றாள் அவள்.

எங்கள் ஊரில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். ஜூமா என்றால் வெள்ளிக்கிழமை என்பதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையைக்கூட வியாழனுக்கு மறுநாள் என்றே சொல்லி வந்தவள் அவள். பெரியவர்களின் மெல்லும் வாயெல்லாம் அப்படியே நின்றன.

"ஜூமாபாய், அந்தக் கறியக் கீழ வைங்க. உங்கம்மா நாலு வருஷமாப் படுக்கையில கெடக்குது. முதுகுல ஒரு புண்ணு உண்டா? உங்களுக்கெங்க தெரியும், நாத்தம்னு வாசலோட நிக்கறவர்தான நீங்க? மொத மாசமே அந்தக் கெழவிய விட்டுட்டு ஓடிப்போக நான் மூட்ட கட்டுனேன். இந்தக் கனிஷாய் அக்காதான் வந்து பக்கத்துல ஒக்காந்துச்சு. உங்கம்மா இன்னிக்கு மூச்சு விடறது இது கத்துக்குடுத்த கையால. அதுக்கு ஆறடி மண்ணு இல்லையா இந்த ஊர்ல?"

ஜூமாபாயின் தாடி ஆடியது. பாஸ்டர் மட்டும் சுறுசுறுப்பாகப் போனைத் தூக்கினார்.

"உள்ள வை அத," என்றேன், வெளியே வந்து.

"இது எவ்வளவு பெரிய சாட்சி தெரியுமா, அக்கா?"

"சாட்சியாவது பூச்சியாவது. கடப்பாரை பிடிக்கத் தெரியுமா உனக்கு?"

தெரியாது. அது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. பெகிமாய் எங்கள் தொழுவத்தில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். கூடாரத்திலிருந்து மற்ற மருமகள்களும் ஒவ்வொருத்தியாக வந்து மண்வெட்டி, சாணி வாரும் தட்டு என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேர் வீட்டிலும் கனிஷாய் போய் நின்றிருக்கிறாள். எங்கள் பெண்கள் பெற்ற பிள்ளையின் அடக்கத்துக்குக்கூட இடுகாட்டுக்குப் போவதில்லை. அன்றைக்குப் போனோம். நானும்தான் போனேன்.

மாமியாரின் கல்லறை மேட்டுக்குப் பக்கத்தில் தோண்டத் தொடங்கினோம். டிசம்பர் மண், கல்லாக உறைந்து கிடந்தது. கடப்பாரை பட்டுப் பட்டுத் தெறித்தது. முழங்கால் ஆழம்கூட வரவில்லை, அதற்குள் இடுகாட்டுக் குன்றின் கீழே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. பெரியவர்கள் கூட்டமாக வந்து இடுகாட்டின் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். ஜூமாபாய் மட்டும் இறங்கி நடந்து வந்தார். எங்களைச் சபிக்க வந்தாரோ, விரட்ட வந்தாரோ தெரியவில்லை. குழியைப் பார்த்தார். பெகிமாய் தலை தூக்கவில்லை, குத்திக்கொண்டே இருந்தாள். கிழவர் கீழே கிடந்த ஒரு மண்வெட்டியை எடுத்துப் பக்கத்தில் ஊன்றிவிட்டு, தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றப் பித்தானில் கை வைத்தார். குளிரில் விரல் விறைத்திருந்தது. முதல் பித்தானே கழல மாட்டேன் என்றது. அதோடு அவர் போராடிக்கொண்டு நிற்க, எங்களில் ஒருத்தியும் உதவிக்குப் போகவில்லை.