எழுபது சென்டிமீட்டர்

ஆசிஃபாவிடம் கேமரா இருந்தது, லென்ஸ் இல்லை. மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே பழைய கேமராக்கள் விற்கும் சுப்பிரமணியனிடம் வாங்கியது. ஃபிலிம் போட்டு எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து ஒன்றாகிவிட்டால் குறி சரி.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. நெய்வேலி அனல்மின் நிலையத்து ஆய்வகத்தில் கொதிகலன் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. அம்மா இறந்த பிறகு இரண்டு வருடங்களாகக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். பெங்களூரில் இருக்கும் அண்ணன் பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வார்.

2014 டிசம்பரில், எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்க சுப்பிரமணியனை அழைத்தாள்.

"வீட்டுக்குள்ள வெளிச்சம் எப்படிம்மா?" என்றார் அவர்.

"சுத்தி மரம் சார். மத்தியானமே டியூப்லைட் போடணும்."

"அப்ப வேகமான லென்ஸா இருக்கணும், கொஞ்ச வெளிச்சத்துலயும் எடுக்கற மாதிரி. ஆனா பெருசா இருந்தா நீங்க பார்க்கற எடத்துலயே ஒரு மூலைய மறைச்சிடும். யாரை எடுக்கப் போறீங்க? அதைச் சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

அந்தக் கேள்வியை ஆசிஃபா எதிர்பார்க்கவில்லை.

"வீட்ல இருக்கறவங்களத்தான் சார். அம்மா, அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேரு."

சொன்ன பிறகு காது சுட்டது. ஆனால் திருத்தவில்லை.

நான்காம் நாள் கூரியரில் இரண்டு லென்ஸ்கள் வந்தன. மூன்று வாரம் வைத்திருந்து பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். இரண்டும் பெரிய கம்பெனிச் சரக்கில்லை. ஜப்பானில் சின்னப் பட்டறைகளில் வருஷத்துக்குச் சில நூறு மட்டும் செய்கிறார்களாம். ஒன்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், எலுமிச்சம்பழ அளவுதான், ஆனால் கையில் வைத்தால் கனத்தது. ஆளோடு அறையையும் சேர்த்துக் காட்டும். எழுபது சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். இன்னொன்று ஐம்பது. சற்றுத் தள்ளி நின்று முகத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒன்றை மாட்டி எடுப்பாள், மறுநாள் மற்றதை. நாற்காலி, கொடியில் காயும் துப்பட்டா, அடுப்படி ஜன்னல். கரைசல் கலப்பது அவளுக்குக் கைப்பழக்கம், அதனால் குளியலறையிலேயே ஃபிலிமைக் கழுவிவிடுவாள். ஆறரை மணிக்கு சுப்பிரமணியனுக்குப் போன் போடுவாள். லென்ஸை முழுசாகத் திறந்தால் விளக்கைச் சுற்றிப் புகைபோல் படர்வது ஏன், ஐம்பதில் ஓரங்கள் கலங்குவது பழுதா என்று கேட்பாள். அவர் பொறுமையாகச் சொல்வார். பேச்சு எங்கெங்கோ போகும். ரயில்வேயில் அவர் வேலை பார்த்த ஊர்கள், அன்றைக்கு அவர் வீட்டில் வைத்த குழம்பு. போனை வைக்கும்போது ஏழே கால் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு மறுநாள் காலை ஆய்வகத்தில் வாய் திறக்கும்வரை அவள் யாரிடமும் பேசவேண்டியிருக்காது.

முப்பத்தைந்துதான் என்று முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் ஆறரை மணிக்கு என்ன கேட்பது?

மூன்றாம் வாரம் அவரே ஆரம்பித்தார்.

"நாற்காலியெல்லாம் போதும்மா. உங்க கேமராவுக்கும் லென்ஸுக்கும் குறி ஒத்துப் போகுதான்னு பார்க்கணும். அம்மாவ ஜன்னல்கிட்ட உக்கார வைங்க. எழுபது சென்டிமீட்டர்ல, லென்ஸ முழுசாத் தொறந்து, கண் இமைல குறி வைங்க. படத்தை வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

"சரி சார்" என்றாள்.

மறுநாள் கேமராவை ஆய்வகத்துக்கே கொண்டுபோனாள். அனுமதி கேட்டுப் பையில் வைத்திருந்தாள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் பாப்பா காண்ட்ராக்ட் ஆள், ஐம்பதைத் தாண்டியவள், கம்மாபுரத்திலிருந்து வருபவள். ஆறு வருடமாக ஒரே அறையில் இருந்தும் குடுவைகளைப் பற்றித்தான் இருவரும் பேசியிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உன்னை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"என்னையா? எதுக்குங்க மேடம்?" பாப்பா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "இருங்க, தலைய வாரிக்கினு வரேன்."

ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆசிஃபா முழங்கால் தட்டும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

"இம்மாங் கிட்டயா?" என்று பாப்பா சிரித்தாள்.

"இப்படித்தான் பார்க்கணும். சிரிக்காத, அசையுது."

கண்ணாடிக்குள் இரண்டு பாப்பாக்கள் தெரிந்தார்கள். மெதுவாகத் திருகினாள். இமைமேல் இமை வந்து பொருந்தியது. இவ்வளவு பக்கத்தில் ஒரு முகத்தை அவள் பார்த்து நாளாகியிருந்தது. புருவத்தில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு, உதட்டோரம் வெற்றிலைச் சிவப்பு, மூச்சின் சூடு. மூன்று படம் எடுத்தாள்.

"வூட்டுல யாரு யாரு இருக்காங்க மேடம்? ஒரு நாளும் சொன்னதே இல்ல."

"யாரும் இல்ல பாப்பா. நான் மட்டும்தான்."

பாப்பா "உம்" என்றாள். ஸ்டூலைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுக் குடுவைகளுக்குத் திரும்பினாள்.

அன்று மாலை ஃபிலிமைக் கழுவி, போனில் படம்பிடித்து அனுப்பியதும் சுப்பிரமணியனே கூப்பிட்டார்.

"குறி கச்சிதமா விழுந்திருக்கு. அம்மா முகம் அருமையா இருக்கும்மா."

"அம்மா இல்ல சார். கூட வேலை செய்றவங்க. அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. பிள்ளைங்களும் இங்க இல்ல."

மறுமுனையில் அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "தனியா இருக்கறவங்களுக்கு ஐம்பதுதான் சரின்னு சொல்லியிருப்பேன். தள்ளி நின்னே எடுக்கலாம்."

"முப்பத்தஞ்சையே வச்சிக்கிறேன் சார்."

"சரி. மத்தத நல்லா சுத்தி அனுப்பிடுங்க."

நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. ஐம்பதை அனுப்பினாள், வந்து சேர்ந்ததாக ஒரு வரி வந்தது. அடுத்த வாரம் ஃபில்டர் பற்றிக் கேட்க அழைத்தபோது, வீட்டில் விருந்தாளி, அப்புறம் பேசுகிறேன் என்றார். பேசவில்லை. ஆறரை மணிக்கு ஆசிஃபா டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில் காண்ட்ராக்ட் மாறியது. பாப்பாவை இரண்டாம் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போட்டுவிட்டார்கள். குடுவை கழுவப் புது ஆள் வந்தது. கடலூரில் பிரிண்ட் போட்டு வாங்கிய படம் ஆசிஃபாவின் மேசை டிராயரிலேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுரங்க கேட்டுக்குப் போய் நின்றாள். ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் பஸ்ஸுக்கு ஓடியது. நடுவில் பாப்பா.

"மேடம்! இங்க எங்க வந்தீங்க?"

படத்தைக் கொடுத்தாள். பாப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நானா இது? எங்க அக்கா மாதிரி இருக்கேன்." சிரித்துக்கொண்டே டிபன் பையில் பத்திரமாகச் செருகினாள். பஸ் ஹாரன் அடித்தது. படியில் ஏறிக்கொண்டு கத்தினாள்: "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க! புள்ளைங்கள எடுக்கலாம்!"

பஸ் போன பிறகுதான் எந்தத் தெரு என்று கேட்காதது உறைத்தது.

அடுத்த நாள் ஞாயிறு அவள் போகவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னதாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு துணி துவைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்மாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கி எதிர்ப்பட்ட ஒரு பெண்ணிடம், மைன்ஸுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பாப்பா வீடு எது என்று கேட்டாள்.

"எந்தப் பாப்பாங்க? இங்க நாலு பேரு இருக்காங்களே" என்றாள் அவள்.

"புருவத்துல ஒரு தழும்பு இருக்கும்" என்றாள் ஆசிஃபா.