சிவப்பு விளக்கின் ஒயரைப் பிடுங்கியவர்

1

இந்தக் கதை எனக்குச் சிரிப்புக் கதையாகத்தான் கிடைத்தது. சொன்னவர் சக்கரபாணி. இடம் விழுப்புரம் ஜங்ஷன். ரயில் தாமதம். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பெஞ்சில் நகர்ந்து வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

எனக்குக் கோபம் வந்தது. போன மாதம் வந்த கோபம், இன்னும் போகவில்லை. கோபத்தோடு கதை எழுதக்கூடாது என்பவர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1941ஆம் வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை வேளை, சாலையின் இருபுறமும் புளியமரங்கள் பச்சைக் குடை விரித்து

புளியமரங்கள் இந்தக் கதையில் ஒன்றும் செய்யவில்லை. அடித்துவிட்டேன். அடுத்தது:

சவுரிராயன் ஏழை. ஆனால் நேர்மையான

இதையும் அடித்தேன். ஏழை என்று எழுதியதுமே அந்த ‘ஆனால்’ எங்கிருந்து பேனாவுக்கு வந்தது?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். திண்டிவனத்தில் வேங்கடேசன் என்று ஒரு ரைஸ்மில் முதலாளி. அவருக்கு ஒரு கார். அதை ஓட்டியவர் சவுரிராயன். சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர், பாதிரியார் ஒருவரின் வண்டியைக் கழுவப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டவர். (டிரைவரை ‘அவர்’ என்று எழுதினால் அச்சகத்தில் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும்.) அன்று முன்சீட்டில் வேங்கடேசன். பின்சீட்டில் அவர் மனைவியின் தம்பி, நம்முடைய சக்கரபாணி. விழுப்புரத்தில் ஒரு மில் ஏலத்துக்கு வருகிறது. அதைப் பிடிக்கப் போகிறார்கள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அந்தக் காரின் முன்பலகையில் இரண்டு சிவப்பு விளக்குகள். ஒன்று பாட்டரிக்கு, மற்றது ஆயிலுக்கு. இஞ்சினுக்குள் ஆயில் ஓட்டம் நின்றால் இரண்டாவது எரியும். வேறு கார்களில் இதற்கு ஒரு முள் உண்டு. அது சரியச் சரிய ஆபத்து தெரியும். இந்தக் காரில் விளக்கு எரியும், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லாது.)

3

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்தது. சவுரிராயன் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினார்.

“இன்னாடா?”

“ஆயில் வெளக்கு எரியுதுங்க எஜமான்.”

இறங்கி, இஞ்சின் மூடியைத் தூக்கி, ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறைய இருந்தது. வேங்கடேசனும் இறங்கி வந்து பார்த்தார்.

“ஆயிலுதான் இருக்குதே! எட்றா வண்டிய.”

“அடியில இருக்குதுங்க. மேல ஏறுதான்னு தெரியல. பம்பு கெட்டாலும் எரியும், ஒயரு எங்கனா உரசிக்கினு இருந்தாலும் எரியும். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியலீங்க. இந்தப் பைப்பை லூஸ் பண்ணிட்டு ஹேண்டில் சுத்திப் பார்த்தா தெரிஞ்சிரும். ஆயில் பீச்சினா வெளக்கு பொய்யி. ஜல்தியா பார்த்துர்றேன்.”

4

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.

என் முதல் படியில் சவுரிராயன், “பம்பு போச்சு! இனி ஒரு அடி நகர்ந்தாலும் இஞ்சின் சாகும்!” என்று முழங்கினார். எழுதிய கையோடு திண்டிவனம் போய் அவர் வீட்டில் படித்துக் காட்டினேன். சவுரிராயன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனைவி சவுரியம்மாள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு அப்படி சொல்லலீங்களே” என்றார். “தெரியலன்னுதான் சொன்னாரு. பார்த்துட்டு சொல்றேன்னாரு. அதுக்குத்தான் அடி.”

மேலே படித்தேன். சவுரிராயன் கண்ணீர் வடிக்கும் இடம் வந்தது.

“இது யாரு? அவரு எங்க அழுதாரு? அத வெட்டிப்புடுங்க.”

“படிக்கிறவர்களுக்கு மனம் இளகுமே அம்மா.”

“எளகி?”

வெட்டிவிட்டேன்.

5

வேங்கடேசன் பைப்பைக் கழற்ற விடவில்லை.

“ஏலம் முடிஞ்சப்புறம் போயி இன்னா பண்றது? நீ வெளக்குக்கு வேல செய்யிறியா, எனக்கு வேல செய்யிறியா?”

முன்சீட்டில் ஏறிக் குனிந்து, பலகைக்கு அடியில் கையை விட்டு, ஒயரைப் பற்றி இழுத்தார். ஒயர் கையோடு வந்தது.

“இப்ப எங்கடா எரியுது?”

பின்சீட்டில் சக்கரபாணி கை தட்டினார். “மாமா கைராசியே கைராசி!” (இதை அவரே என்னிடம் சொன்னார். புரையேறியது இந்த இடத்தில்தான்.)

“வாணாங்க எஜமான். இஞ்சின் போயிரும்.”

பிடரியில் ஓர் அறை. சவுரிராயன் வண்டியை எடுத்தார்.

விக்கிரவாண்டி வருவதற்குள் இஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கிளம்பியது. பிறகு ஒரே இறுக்காக இறுகி நின்றது. பின்னால் வந்த லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. பட்டறைக்காரர் உள்ளே பார்த்துவிட்டு, “ஆயிலே ஏறலீங்களே. வெளக்கு எரிஞ்சிருக்கணுமே, ஒயர யாரு புடுங்குனது?” என்று கேட்டார்.

வேங்கடேசன் யோசிக்கவே இல்லை. “இந்த நாயிதான். கண்ணு கூசுதுன்னு புடுங்கிட்டான்.”

அங்கேயே, பட்டறை ஆட்களும் தெருவும் பார்க்க, செருப்பைக் கழற்றி அடித்தார். சட்டைப் பையிலிருந்த லைசென்ஸை எடுத்துக் கிழித்தார். சக்கரபாணி பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

சவுரிராயன் என்ன நினைத்தார் என்று எழுத

தெரியாது. அவர் சொல்லவில்லை.

6

அடி ஆறிவிட்டது. பெயர் ஆறவில்லை. திண்டிவனம் தொடங்கி விழுப்புரம் வரை எல்லா ஷெட்டிலும் அவருக்கு ‘வெளக்குப்புடுங்கி’ என்று பெயர். யுத்தத்தில் பட்டாளத்து லாரி ஓட்டினார். நற்சான்றும் புது லைசென்ஸும் வாங்கி வந்தார். “ஏம்பா, எங்க வண்டி வெளக்கையும் புடுங்குவியா?” என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள். இப்போது மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறார். அவர் மகள் ராஜாமணியைப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

விழுப்புரத்தில் முருகையன் என்பவர் புதிதாக ஒரு பஸ் வாங்கியிருக்கிறார். சவுரிராயனை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிடித்துவிட்டது. ஆனால், “அந்த ஒயர் சமாச்சாரம் ஒண்ணு இருக்குதே. வண்டியில இருந்தவங்க யாரனா வந்து சொல்லட்டும்” என்றார்.

வேங்கடேசன் போன வருஷம் காலமாகிவிட்டார். மிச்சம் சக்கரபாணி. இனி யாருக்கும் அவர் பயப்பட வேண்டியதில்லை.

7

முடிவுகள்.

ஒன்று: சக்கரபாணி உண்மையைச் சொல்கிறார். சவுரிராயன் பஸ்ஸில் ஏறி ஹாரன் அடிக்கிறார். எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தே என்னை ஏமாற்றுவதுபோல் இருந்தது.

இரண்டு: சக்கரபாணி போகும் வண்டி மலையில் உருள்கிறது, சவுரிராயன் தாவிப் பிடித்து [சீ!]

நடந்ததைச் சொல்கிறேன். நானும் சவுரியம்மாளும் போய்ச் சக்கரபாணியைக் கூப்பிட்டோம். மறுக்காமல் வந்தார். சவுரிராயன் பஸ்ஸின் அருகில் நின்றிருந்தார். முருகையன் ஆபீஸில் உட்காரவைத்துக் கேட்டார்: “ஒயர யாரு புடுங்குனது?”

“நான் தூங்கிக்கினு இருந்தேங்க” என்றார் சக்கரபாணி.

“ஜங்ஷனில் என்னிடம் சொன்னீர்களே! உங்கள் மாமாதான் பிடுங்கினார் என்று!” நான் கத்திவிட்டேன்.

அவர் முருகையனைப் பார்த்துச் சிரித்தார். “கதை எழுதுறவருன்னாரு. ரயிலும் வரல. ஒரு கதைய எடுத்து வுட்டேன்.”

“தூங்குனவரு எப்படிங்க கை தட்டுனாரு?” என்று கேட்டார் சவுரியம்மாள். “கை தட்டுன சத்தம் இன்னும் எங்க வூட்டுக்காரரு காதுல இருக்குது.”

சக்கரபாணி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

முருகையன் என் பக்கம் திரும்பினார். “நீங்க வண்டியில இருந்தீங்களா?”

“இல்லை.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

நான் எத்தனையோ பாத்திரங்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். என் வாயில் ஒரு சொல் வரவில்லை. சவுரியம்மாள்தான் சொன்னார்: “புருசன் சொன்னத நம்பி நான் சொல்றேன். நீங்க யாரு சொன்னத நம்பி அவர வாணாங்கிறீங்க?”

முருகையன் “யோசிக்கிறேம்மா” என்றார்.

இன்னும் யோசிக்கிறார். ஆகவே நான் முடிவு எழுதவில்லை. எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். நீங்களும் அந்த வண்டியில் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்குத் தெரிந்துவிட்டது. விழுப்புரம் பக்கம் வந்தால் முருகையன் ஆபீஸுக்குள் போங்கள். என்னிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்பார். நான் வாயடைத்து நின்ற அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

ஜல்தியாகப் போங்கள். அந்த பஸ் இன்னும் டிரைவர் இல்லாமல்தான் நிற்கிறது.