சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

முஸ்தபாவுக்குச் சினிமாப் பைத்தியம் என்றால் பாதிதான் சொன்னதாகும். ஊரில் எல்லாருக்கும் இருக்கிற பைத்தியம் அல்ல அது. நூல் கமிஷன் வியாபாரமாகப் பம்பாய் போன மனுசன், மழைக்கு ஒதுங்கிய தியேட்டரில் என்னமோ ஒரு வெள்ளைக்காரத் தேசத்துப் படம் பார்த்துவிட்டார். பாட்டு இல்லை, சண்டை இல்லை, பேச்சும் விளங்கவில்லை. ஆனால் படம் முடிந்தபோது கன்னமெல்லாம் ஈரம். இதை எங்க ஊர்ச் சனம் பார்க்க வேண்டாமா என்று அன்றைக்குப் பிடித்தது வினை. திருப்பூருக்குத் திரும்பியதும் திரைப்படச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். மெட்ராஸிலிருந்து படப்பெட்டி வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாச்சிமுத்துவின் தியேட்டரில் ஓட்டத் தொடங்கினார்.

"சினிமாவையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்றாள் அவர் மனைவி நூர்ஜான். அழுகைதான் வந்தது. முதல் படத்துக்கு வந்த வாத்தியார்களும் பாங்குக்காரர்களும் இரண்டாவது படத்தில் பாதியானார்கள். மூன்றாவதுக்கு வந்தவர்கள் விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்துத் தூங்கினார்கள்.

தியேட்டர்காரர் நாச்சிமுத்து கெட்டவர் இல்லை, ஏமாளியும் இல்லை.

"ஏப்பா முஸ்தபா, நாலு பேரு தூங்கறதுக்கு நான் மிசினு ஓட்டோணுமா? வர்ற ஞாயித்துக்கிழமை சனத்தக் கூட்டியா. படம் முடிஞ்சு வெளிய வர்றவங்க என்ன சொல்றாங்கன்னு நானே வாசல்ல நின்னு கேக்கறேன். நல்லாருக்குதுன்னு சொன்னா நடத்து. இல்லீன்னா அன்னியோட சங்கத்துக்கு மங்களம் பாடிரு."

முஸ்தபா சைக்கிளை நேரே வேலம்பாளையத்துக்கு விட்டார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் மடித்து அடுக்குகிற பெண்களுக்கெல்லாம் செல்லாத்தாள் வைத்ததுதான் சட்டம். அவள் வா என்றால் அவர்கள் குடியிருக்கிற காலனியே வரும்.

"பேச்சு வெளங்குமுங்களா பாய்?" என்று கேட்டாள்.

"வெளங்காதுக்கா. மொகத்தப் பாத்தாலே போதும்."

"அதுஞ் சரிதான். எங்கூட்டுக்காரரு பேசறதே எனக்கு வெளங்கறதில்லீங்க. குடும்பம் நடத்தலீங்களா?"

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை பெண்கள், அவர்களுடைய புருசன்மார், குஞ்சு குளுவான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முஸ்தபா உள்ளே உட்காரத் தைரியம் இல்லாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

படம் ஒரு குளிர்தேசத்துப் படகுக்காரனையும் அவன் பெண்டாட்டியையும் பற்றியது. பாதிப் படத்தில் அவள் காய்ச்சலில் செத்துப்போகிறாள். அதற்கப்புறம் கதையென்று ஒன்றும் இல்லை. பிணம் வீட்டில் கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து பேசாமல் உட்காருகிறார்கள். முன்னால் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் சவப்பெட்டியைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

அந்தக் கடைசி ரீல் ஓடும்போது முஸ்தபா மனசு கேட்காமல் கதவுத் திரையை விலக்கிப் பார்த்தார். யா அல்லா! படம் இன்னும் முடியவில்லை, சனம் மொத்தமும் எழுந்து நிற்கிறது. திரையில் 'வணக்கம்' போடுவதற்குள் எழுந்து ஓடுவது நம்மாட்களுக்குப் பழக்கம்தான். அதற்கென்று ஒருத்தர் பாக்கியில்லாமலா? திரையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நாச்சிமுத்துவின் பக்கத்தில் நின்றார்.

சனம் வெளியே வந்தது. ஒரு டீ குடித்துவிட்டு எழுந்தாலும் 'வர்றனுங்க, வர்றனுங்க' என்று நாலு தரம் சொல்லாமல் நகராத சனம். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, வாசலில் நின்ற இரண்டு பேர் முகத்தைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று போயிற்று. "அக்கா" என்று முஸ்தபா வாய்விட்டே கூப்பிட்டார். செல்லாத்தாள் திரும்பவில்லை.

நாச்சிமுத்து அவர் தோளில் கை வைத்தார். "உடு முஸ்தபா. உன்ற மேல தப்பில்ல. சனத்துக்கு ஆகல."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அந்த இதமான பேச்சுதான் முஸ்தபாவுக்குத் தாங்கவில்லை. படப்பெட்டியைச் சாயங்காலம் ரயிலில் ஏற்றிவிடச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சங்கம் போனால் போகட்டும். பாவம், வாரத்தில் ஒரே நாள் லீவு அவர்களுக்கு, அதையும் பாழாக்கிவிட்டோமே, செல்லாத்தாளிடம் ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று வேலம்பாளையம் போனார்.

காலனிக் குழாயடியில் கூட்டம். பெண்கள் கட்டின சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஈரத்துண்டோடு நின்றார்கள். மத்தியானம் ஆகியும் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை.

"ஏனுங்க்கா, என்ன விசேசம்? எல்லாரும் ஒண்ணாக் குளிக்கறீங்க?"

செல்லாத்தாள் தலையைத் துவட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க? எழவூட்டுக்குப் போயிட்டு வந்து, தலைக்கு ஊத்தாம அடுப்புப் பத்த வெப்பாங்களா?"

முஸ்தபா பதறிப்போனார். "ஐயோ, யாருங்க தவறுனது?"

"யாரா? நீங்கதானுங்களே கூட்டிட்டுப் போயிக் காட்டுனீங்க. அந்தப் படகுக்காரன் பொண்டாட்டி!"

"அப்ப, படம் முடியங்காட்டியும் எந்திரிச்சது?"

"பொணத்த எடுக்கறப்ப உக்காந்திருக்க முடியுங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டீங்களே?"

"எழவூட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லுவாங்களா பாய்? இத்தன காலம் எங்களோட இருந்தும் இது தெரியாதுங்களா?"

தெரியாமல் என்ன? எத்தனை எழவு வீடுகளிலிருந்து அவரே சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்திருக்கிறார்! தியேட்டர் வாசலில் அது புத்திக்கு எட்டவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்று சிரித்தார். சிரிப்பு பாதியில் சந்தோச அழுகையானது.

"அழுவாதீங்க பாய், அந்த மனுசனப் பாத்தா யாருக்குத்தான் தாங்கும்" என்று செல்லாத்தாள் சமாதானம் சொன்னாள். பிறகு, "ஒண்ணு கேக்கோணுமுங்க. எங்க நாத்தனா முத்தாயி குன்னத்தூருல இருக்கறா. கம்பெனியிலயும் பாதிப் பேரு ஷிப்டுல மாட்டிக்கிட்டாங்க. அவங்கெல்லாம் துக்கம் கேக்கோணுமல்லங்க? வர்ற ஞாயித்துக்கிழமையும் இதையே வெப்பீங்களா?"

முஸ்தபா சைக்கிளை மிதித்த மிதியில் வழியில் இரண்டு தரம் செயின் கழன்றது. "அண்ணா, பெட்டிய அனுப்பீறாதீங்க!" என்று கத்திக்கொண்டே தியேட்டருக்குள் போனார். "அதே படத்த அடுத்த வாரமும் போடோணுங்ணா!"

"பட்டது பத்தாதா?" என்றார் நாச்சிமுத்து.

"துக்கம் கேக்க வர்றாங்ணா!"

விசயத்தை முழுக்கக் கேட்டபின் நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார். "அட முருகா! படம் எப்படீன்னு வாய உட்டுக் கேக்காமப் போனேன், தப்பிச்சேன்" என்றவர், "மெட்ராசுக்குத் தந்தி குடு. சங்கத்த நடத்து" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலம்பாளையத்திலிருந்தும் குன்னத்தூரிலிருந்தும் கூட்டம் வந்து சேர்ந்தது. தியேட்டர் வாசலில் அப்படி ஒரு அமைதியை யாரும் கண்டதில்லை. 'வாங்க' என்று சொல்ல வாயெடுத்த நாச்சிமுத்து சட்டென்று மூடிக்கொண்டார்.

முதலில் வந்தவர் முத்தாயியின் புருசன் வீரன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். செத்தவளுக்கு உரியவர் என்று இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? முஸ்தபாவின் முன்னால் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், துக்கம் கேட்கிற முறைப்படி இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

முஸ்தபா அந்தக் கைகளைத் தொட்டு வாங்கிக்கொண்டார்.