மூன்றில் ஒன்று போனால்

கணக்கு டீச்சருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் வார்டுக்கு வருவார். இடது கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். வலது கை சும்மாதானே கிடக்கிறது என்று மடியில் பலகை வைத்துப் பரீட்சைத் தாள் திருத்துவார். சிவப்பு மை சிந்தினால் ரத்தமோ என்று நர்ஸ் பதறிக்கொண்டு வருவாள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசையை ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே பதிவேட்டில் வைத்திருந்தன. காகிதம் இல்லை, பிளாக்செயின். ஒவ்வொரு பதிவும் முந்தின பதிவோடு பின்னிக்கொண்டு போகும்; நடுவில் ஒன்றில் கை வைத்தால் பின்னல் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவன் டீச்சரின் கொழுந்தன். “இதை யாராலும் மாற்ற முடியாது” என்று திறப்பு விழா மேடையில் சொன்னவனும் அவன்தான்.

பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அனுமதி அந்த ஐந்து மருத்துவமனைகளுக்கு மட்டும். நோயாளிக்கு மாதம் ஒருமுறை போனில் இருக்கும் ஆஸ்பத்திரி செயலியில் ஒரு சீட்டு வரும், அவரவர் ரத்த வகை வரிசையில் எத்தனையாவது ஆள் என்று. அவ்வளவுதான்.

போன மாதம் டீச்சர் மூன்றாவது. முதல் இடத்தில் இருந்த தையல்காரம்மா அறுவை முடிந்து, பக்கத்து நாற்காலியைக் காலி செய்துவிட்டுப் போனார். இந்த மாதச் சீட்டிலும் மூன்று என்றே இருந்தது.

“மூணுல ஒண்ணு போனா எத்தனைம்மா?” என்று பதிவு மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டார் டீச்சர்.

“ரெண்டு மேடம்.”

“அப்ப எனக்கு ஏன் மூணு?”

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். “உங்களுக்கு முன்னாடி பதிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதி.”

“போன மாசம் அவர் எங்க போயிருந்தார்?”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொழுந்தன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை நேரே வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னான். “மூணு ஆஸ்பத்திரி சம்மதம்னு தன் மின் சாவியைப் போட்டிருக்கு அண்ணி. ஒரு பேரைப் பழைய தேதியில சொருகி, அதுக்கப்புறம் இருந்த பின்னல் முழுசையும் திரும்பப் பின்னியிருக்காங்க. விதியில இடம் இருக்கு. அஞ்சுல மூணு பேர் ஒத்துக்கிட்டா திருத்தலாம்.”

“யாராலும் மாத்த முடியாதுன்னியே.”

“வெளியாள் யாராலும்.”

“அந்த ஒரு சொல்லை மட்டும் மேடையில முழுங்கிட்ட.”

அவன் தலை நிமிரவில்லை. “அந்த ஆள் ஆஸ்பத்திரி டிரஸ்டி ஒருத்தரோட மச்சான். நாளைக்கு மத்தியானம் எல்லார் போன்லயும் இருக்கிற பழைய சீட்டை எடுத்துட்டு ‘திருத்தின’ சீட்டை வைக்கப்போறாங்க. அப்புறம் உங்ககிட்ட ஆதாரமே இருக்காது.”

டீச்சர் அடுப்பை அணைத்தார். “வேற வழி?”

“இதே மாதிரி, ஆனா எல்லாரும் எழுதுற பிளாக்செயின் சங்கிலி ஒண்ணு இருக்கு. யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல அதே பிரதி இருக்கு. மூணு பேர் கதவைச் சாத்திட்டுப் பேசி மாத்த முடியாது. ஆனா பெரிய நிறுவனங்க அந்தப் பக்கம் போகத் தயங்கும். பொறுப்புக்கு ஆள் யாரு, நோயாளி ரகசியம் என்னாகும்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான்.”

“யாரும்னா நானும்தானே?”

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

சீட்டை அப்படியே எழுத வேண்டியதில்லை என்று விளக்கினான். அதைக் கணக்கில் போட்டால் நீளமான ஓர் எண் வரும். அதுதான் சீட்டின் ரேகை. சீட்டில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை வேறாகிவிடும். ரேகையைப் பார்த்து யார், என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. பிற்பாடு சீட்டைக் காட்டினால், அது அன்றைக்கே இருந்தது என்று மட்டும் நிரூபிக்கலாம்.

மறுநாள் காலை வார்டில் பதினான்கு நாற்காலிக்கும் செய்தி போனது. எதிர் நாற்காலியில் இருந்த பஸ் டிரைவர் கேட்டார்: “இதுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கணும் டீச்சர்?”

“யார்கிட்டயும் வேண்டாம்.”

“இந்தக் கட்டடத்துல இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை” என்று போனை நீட்டினார்.

கொழுந்தன் போனில் வழி சொல்ல, பதினொரு மணிக்குள் பதினான்கு பேரின் பழைய சீட்டுகளுக்கும் ரேகை எடுத்து, மொத்தமாக ஒரே பதிவாக எழுதினார்கள். செலவு ஆளுக்கு ஒரு டீ காசு கூட இல்லை. சீட்டுகளையும் தனியே பிரதி எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் டீச்சரின் போனில் போன மாதச் சீட்டு மாறியது. மூன்று இருந்த இடத்தில் நான்கு. அவர் சிரித்துவிட்டார். விடையைப் பார்த்து எழுதிவிட்டு வழியை மறந்த பையன்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

இரண்டு நாளில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஏசி நடுக்கியது.

“ஆஸ்பத்திரி விஷயத்தைத் தெருவுல போட்டிருக்கீங்க. உடனே எடுத்துடுங்க.”

“எடுக்க முடியாதே சார். அதுக்காகத்தானே அங்க எழுதினோம்.”

“விதிமீறல்னு உங்க பேரையே வரிசையில இருந்து எடுக்க எங்களால முடியும்.”

 டீச்சர் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “எடுங்க. எடுத்தேன்னு ஒரு சீட்டு குடுங்க. அதோட ரேகையையும் எழுதி வைக்கிறேன். போன மாசச் சீட்டு, உங்க திருத்தின சீட்டு, ரெண்டுலயும் உங்க ஆஸ்பத்திரி மின் கையெழுத்துதான் இருக்கு. எது உண்மைன்னு நீங்களே சொல்லுங்க.”

கண்காணிப்பாளர் கதவைக் காட்டினார். ஆனால் பேரை எடுக்கவில்லை.

அதற்குள் மற்ற நான்கு மருத்துவமனைகளின் வார்டுகளுக்கும் விஷயம் பரவி, இருநூறு சீட்டுகளுக்கு மேல் எழுதப்பட்டிருந்தன. சாவி போடாத இரண்டு மருத்துவமனைகளில் ஒன்றின் சிறுநீரகப் பிரிவுத் தலைவி, ஒரு சாயந்திரம் முழுப் பதிவேட்டின் ரேகையையும் தானே திறந்த சங்கிலியில் எழுதினார். “வரிசை எங்க வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அதைத் தொட்டா மட்டும் ஊருக்குத் தெரியட்டும்” என்றார் ஐந்து மருத்துவமனைகளின் கூட்டத்தில். இனி தினமும் இப்படி ரேகை எழுதாவிட்டால் தாங்கள் விலகுவதாகவும் சொன்னார். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு மற்ற நான்கு மருத்துவமனைகளும் ஒத்துக்கொண்டன; சொருகிய பழைய தேதியும் நீக்கப்பட்டது. விஷயத்தை வெளியே சொன்னதற்காகக் கொழுந்தனுக்கு வேலை போனது. “மேடையில முழுங்கினதுக்கு இதுதான் சரி” என்றான் அண்ணியிடம், சிரிக்கப் பார்த்து, முடியாமல்.

டீச்சர் இரண்டாவது இடத்துக்கு வந்தார். சிறுநீரகம் இன்னும் வரவில்லை, ஊசி நிற்கவில்லை.

டிரஸ்டியின் மச்சான் தன் உண்மையான பதிவுத் தேதிப்படி முப்பத்தொன்றாவது இடத்துக்குப் போனார். ஒரு நாள் காலை, காலியாக இருந்த தையல்காரம்மாவின் நாற்காலியில் அவரையே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கால் வீங்கியிருந்தது. வார்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிரைவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளை மடித்து வைத்தார்.

“உங்க சீட்டு வந்துடுச்சா?”

“வந்துச்சு” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“போனைக் குடுங்க. எழுதி வைப்போம். நாளைக்கு வேற எந்த டிரஸ்டியோட மச்சானாவது வந்து உங்களைத் தள்ளிவிடக் கூடாது பாருங்க.”