உப்புப் போட்டுத் திங்கிறவர்

பூட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மீதிப் பேருக்கு அவரே போய்ச் சொல்லிவிடுவார். எந்தச் சண்டையையும் ஒரே வசனத்தில்தான் முடிப்பார்: "நான் உப்புப் போட்டுத் திங்கிறவன்." ரோஷமுள்ளவன் என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவரிடம், வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் நர்ஸ் உப்பைக் குறைக்கச் சொன்னார். நோய் இன்னும் உள்ளே வரவில்லையாம். வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறதாம். அடுத்த மாதமும் இறங்காவிட்டால் டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேச வேண்டியதுதான். பூட்டுக்காரருக்கு வியர்த்தது. எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். மாத்திரைக்குத் தன் தொண்டையை மட்டும் திறக்கத் தெரியாது.

அன்றைக்கே அவர் மனைவி உப்பு ஜாடியை மேல்தட்டுக்கு ஏற்றினார். பாக்கெட் நொறுக்குத்தீனிக்குத் தடை. சாயங்காலம் நடை. எல்லாவற்றையும் பூட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார். மச்சானைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருடைய பூட்டுக்கடையிலேயே சாவி வெட்டுகிறவன். அக்கா வாயிலிருந்து விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"பாதி உப்புக்குப் பாதி ரோஷம்தானே, மாமா?"

பூட்டுக்காரர் வாயைத் திறப்பார். வசனம் நாக்கு நுனிவரை வந்து, பொய்யாகிவிடுமே என்று வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கை மேல்தட்டுவரை போனது. மனைவி பார்த்தார். கை இறங்கிவிட்டது.

அடுத்த மாதம் நர்ஸ் கடைக்கே வந்தார். சாய்ந்து உட்காரச் சொன்னார், இரண்டு பாதமும் தரையில் படவேண்டும் என்றார். ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. பேசினால் அளவு ஏறிவிடும்.

மச்சான் சாவி வெட்டும் மெஷினை நிறுத்தினான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது அவனுக்கு.

"ஏன் மாமா, நீங்க உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களா?"

சாவிக்குக் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பூட்டுக்காரரின் காது சிவந்தது. பல்லைக் கடித்தார், கடித்தாலும் ஏறுமோ என்று பல்லையும் விட்டுவிட்டார். சுவரில் தொங்கிய பூட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவையும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தன. நேரம் ஆனதும் கைப்பட்டை உப்பியது, இறுக்கியது, பெருமூச்சு விட்டது.

"நல்லா இறங்கியிருக்குண்ணே. மாத்திரைப் பேச்சு இப்ப வேணாம். இதையே விடாமப் பண்ணுங்க."

"இனிப் பேசலாமா சிஸ்டர்?"

"தாராளமா."

பூட்டுக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். கடையே ஒதுங்கி நின்றது.

"உப்பு கம்மியாத்தான்டா திங்கிறேன். ரோஷமும் கம்மியாத்தான் இருக்கு. ராத்திரி நல்லாத் தூக்கம் வருது." சட்டைக் கையை இறக்கிவிட்டார். "சிஸ்டர், இவனுக்கும் ஒருதடவை பாத்துருங்க."

நர்ஸ் அவனை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசக் கூடாது என்றார்.

பூட்டுக்காரர் முக்காலியை மச்சானுக்கு எதிரே இழுத்துப் போட்டு, சௌகரியமாக உட்கார்ந்தார்.