பெரட்டுக்களத்துப் பந்து

ஆகஸ்ட் லீவு தொடங்கி மூன்றாம் நாள். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகளைக் கங்காணி தம்பையா விரட்டிக்கொண்டிருந்தார். "இனி வெளையாடுறவங்க பேர எழுதித் தொரைக்கிட்ட குடுப்பேன். போய் லயத்துக்குள்ள கெடங்க!"

கொழுந்துக்கூடையோடு மலையிறங்கி வந்த கிருஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லயத்தின் பத்தடி அறையான காம்பராவுக்குள் ஒரு மாதம் அடைந்து கிடந்தால் பிள்ளைகளுக்குக் கைகால் விளங்குமா?

"தெனம் காலையில இதே களத்துல எங்கள நிக்க வச்சுத்தானே பேர் கூப்புடுறீங்க? இப்பவும் எழுதுங்க. மொதல்ல என் பேரு."

கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், பிள்ளைகளோடு நின்ற மகளிடமிருந்து மட்டையை வாங்கினாள். முதல் பந்தே தேயிலைக்குள் பறந்தது.

கங்காணி நோட்டைத் திறந்தார். அவளோடு மலையிறங்கி வந்த பெண்கள், மட்டை பிடிக்க, அவளுக்குப் பின்னால் காலைப் பெரட்டுக்கு நிற்பதுபோலவே வரிசை கட்டி நின்றார்கள்.